போலீஸ் வேலையா, டீச்சர் வேலையா? பிளஸ்-2 முடித்தவர்கள் பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி, "போலீசுக்குப் போகட்டுமா, டீச்சர் டிரெயினிங் சேரட்டுமா?" என்பதுதான்.

தமிழக போலீசில் 2-ம் நிலை காவலர் ஆக 10-ம் வகுப்பு பாஸ் போதும். ஆனால் கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் உயரத்தை அளந்து பார்த்து விடுங்கள். ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 167, 157. எழுத்து தேர்வில் எத்தனை மார்க் வாங்கினாலும் ஒரு செ.மீ. குறைந்தால் அவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் ஆகணும் என்றால் டிகிரி கட்டாயம்.

டீச்சர் கதை வேறு. 5-ம் வகுப்பு வரை பாடம் நடத்த 2 வருட தொடக்கக்கல்வி டிப்ளமோ படிக்கணும். "டிரெயினிங் முடிச்சா வேலை" என்பதெல்லாம் அந்தக் காலம். டிப்ளமோ முடித்து 'டெட்' தேர்வில் பாஸ் ஆகணும். அரசு பள்ளி வேலைக்கு அதன் பிறகும் ஒரு போட்டித்தேர்வு இருக்கிறது. 2024 ஜூலையில் நடந்த இடைநிலை ஆசிரியர் தேர்வு அப்படிப்பட்டதுதான்.

பி.எட். முடித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று இன்னும் சிலர் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். முடியாது என்று 2023 ஆகஸ்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி விட்டது.

1-ம் வகுப்பில் இருந்து தமிழ் மீடியத்திலேயே படித்தவர்களுக்கு தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை, டி.சி. வாங்கும்போதே பள்ளியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.