மருத்துவத் தமிழில் அடர்த்தியும் செறிவும்

கலைச்சொல் ஒன்று ஒரு துறையினின்று மற்றொரு துறைக்குச் செல்லுங்கால் அதன் பொருள் திரிதல் உண்டு. அத்திரிபு உணரப்படாதவிடத்துக் கற்பார்க்கு மயக்கம் விளையும். மருத்துவத்திலோ நோயாளிக்குக் கேடே விளையலாம். 'அடர்த்தி' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் உருவாகிய நெய்வேலி நகரியத்தில் சுரங்கத் தொழிலும் மருத்துவப் பணியும் அருகருகே நடைபெறுகின்றன. நிலத்தடியிலுள்ள கரியின் எடையைக் கணிப்போர் கரிப்படலத்தின் கன அளவை அதன் அடர்த்தியாற் பெருக்குவர். ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்துப் பெறுவதே ஈண்டு அடர்த்தி. மனித உடற்கும் இப்பொருள் பொருந்தும். ஒரு கன செண்டிமீட்டர் கொழுப்பின் நிறை ஏறத்தாழ 0.9 கிராம்; கொழுப்பு நீங்கிய உடற்பகுதியின் நிறை ஏறத்தாழ 1.1 கிராம். இவ்வேறுபாடு பற்றியே ஒருவரை நீருள் நிறுத்து அவருடலின் கொழுப்பளவைக் கணிக்க இயலுகிறது.

இனி, எலும்பு அடர்த்தியை நோக்குவோம். ஊடுகதிர்க் கருவி தரும் அளவு ஒரு சதுர செண்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்பதாகும். கதிர் எலும்பின் நிழற்பரப்பையே காணும். அதன் ஆழத்தைக் காணாது. எனவே, உண்மை அடர்த்தி ஒத்த இரண்டு எலும்புகளுள் பெரியது மிகுந்த எண்ணையும் சிறியது குறைந்த எண்ணையும் காட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல், இளமைப் பருவச் சராசரியினின்று இரண்டரைத் திட்ட விலக்கமோ அதற்கு மேலோ தாழ்ந்த நிலையை எலும்புப்புரை என வரையறுத்தது. அவ்வரையறையைச் சிற்றுடலினர்க்குப் பொருத்துங்கால் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

குருதி அறிக்கையில் வரும் 'குறை அடர்த்திக் கொழுப்புப்புரதம்' இதனின் வேறானது. அடர்த்தி ஈண்டு நோயாளிக்கு உரியதன்று, அத்துகளுக்கு உரியது. மையவிலக்குப் பொறியிற் சுழற்றி, 1.019 முதல் 1.063 வரை அடர்த்தியுடைய துகள்களைப் பிரித்தமையான் அப்பெயர் வந்தது. அறிக்கையிலுள்ள மில்லிகிராம் கணக்கோ, குருதியில் அத்துகள் சுமக்கும் கொலஸ்டிராலின் செறிவு. எலும்பிற்குக் குறை அடர்த்தி தீது எனக் கேட்ட ஒருவர், குருதி அறிக்கையிலும் அத்தொடரைக் கண்டு தம்மிடம் ஏதோ குறைந்துள்ளது எனக் கருதிக் கொழுப்புணவைக் கூட்டவும் கூடும். உண்மையில் அவர்க்கு மிகுந்திருப்பது செறிவு.

செறிவு என்பது பழஞ்சொல். தொல்காப்பிய உரியியல் 'நளி' என்னும் சொற்குப் பெருமையேயன்றிச் செறிவும் பொருளாம் என்னும். தண்டியலங்காரம் செறிவினைக் குணம் பத்தனுள் ஒன்றாக வைத்தது. அடர்தல் என்பதும் நெருங்குதற் பொருளதே. ஆதலின் இலக்கிய வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்கினும் பெரிதும் இழுக்கில்லை. மருத்துவத் தமிழில் அவ்வுரிமை இல்லை.

ஆகவே, கலைச்சொல் ஆக்குவோர் 'எதன் நிறை, எவ்வளவினுள்?' என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும். ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவோடு ஒப்பிடின் அடர்த்தி. பரப்போடு ஒப்பிடின் பரப்படர்த்தி. கலவையுள் ஒரு கூற்றின் அளவைக் கூறின் செறிவு. எலும்பு அறிக்கையிற் 'பரப்படர்த்தி' என்றே எழுதுதல் நன்று. சொல் சிறிது நீளினும், படிப்பவர் தம் உடலைப் பிறழ உணரும் நிலை நீங்கும்.