வாணிபப் புயலும் தொழிலாளர் உதவியும்

நீலகிரி என்றதும் தேயிலையே நம் நினைவில் எழும். எனினும், உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிட்டதை நாம் மறத்தலாகாது. 1991-க்குப்பின் இறக்குமதித் தீர்வை குறைந்தது. அயல்நாட்டுப் படச்சுருள்களின் போட்டியும் கடன்சுமையும் ஆலையை நலிவித்தன. 2014-இல் நடுவண் அமைச்சரவை ஊழியர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்றது.

இத்தகையோர்க்கு அரசுதவி பெறத் தகுதி யாது? அமெரிக்காவின் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிழப்புக்கு இறக்குமதியே காரணமென மெய்ப்பித்தோர்க்குப் பயிற்சியும் உதவித்தொகையும் அளித்தது. நம் நாட்டில் 1992-இல் தேசியப் புதுப்பித்தல் நிதி தோன்றியது. மறுபயிற்சியையும் நோக்கமாகக் கொண்ட அந்நிதி, பெரிதும் விருப்ப ஓய்வுக்கே செலவாகி 2000-இல் மறைந்தது. 2005 முதல், ஆலை மூடலால் வேலையிழந்த காப்பீட்டாளர்க்குத் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் உதவித்தொகை வழங்கலாயிற்று. அயல்வாணிபம் காரணமா என்று இங்கு எவரும் வினவுவதில்லை. பெயர்ப்பதிவும் செலுத்திய சந்தாவுமே வினவப்படும்.

ஆகவே, பதிவில்லாத ஒப்பந்தத் தொழிலாளி அதே புயலில் வீழ்ந்தும் வெறுங்கையோடு நிற்கிறார். தம் இல்லத்தில் உழைப்போரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்பதை மாணவச் செல்வங்கள் இன்றே கேட்டறிவார்களாக!