மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள்

வாசிப்பின் தடங்கள் – 9

தமிழ்நாட்டில் 1960களிலிருந்து 1980கள் வரை ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தவர்களில் பெரும்பாலோர் கைக்கு வந்தவை மாஸ்கோவிலேயே அச்சான புத்தகங்கள். தமிழ் வாசிப்பின் வரலாற்றில் இதற்கு ஈடான இன்னொன்றைக் காண்பது அரிது. வங்க நாவல்கள் த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி போன்ற தனிமனிதர்களின் ஈடுபாட்டால் வந்தன. மராத்தியின் காண்டேகரைக் கா.ஸ்ரீ.ஸ்ரீ. என்ற ஒருவரே தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். ரஷ்ய இலக்கியத்தையோ ஓர் அரசாங்கமே, சோவியத் அரசே, அனுப்பிவைத்தது. அது மொழிபெயர்ப்பாளர்களை வேலைக்கு அமர்த்தி, தமிழ் எழுத்துகளை அச்சுக்கோத்து, புத்தகங்களைத் தைத்துக் கட்டிக் கடல் கடந்து அனுப்பியது. அந்த அரசு 1991இல் இல்லாமல் போயிற்று. அது அனுப்பிய கதைகளின் தடம் தமிழ் எழுத்திலும் திரைப்படத்திலும் இன்றும் தெரிகிறது.

மாஸ்கோ நூல்கள் வருவதற்கு முன்பு ரஷ்ய இலக்கியம் தமிழருக்கு ஆங்கிலத்தின் வழியாகவே கிடைத்தது. கான்ஸ்டன்ஸ் கார்னெட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ், துர்கனேவ் ஆகியோரின் படைப்புகளைச் சுமார் 70 தொகுதிகளாக மொழிபெயர்த்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் ரஷ்ய எழுத்து பரவியதற்கு அவருடைய உழைப்பு முக்கியமான காரணம். 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழைச் சுற்றியிருந்த எழுத்தாளர்கள் இப்படி ஆங்கிலம் வழியாக உலகச் சிறுகதைகளைப் படித்தவர்கள்தான். புதுமைப்பித்தன் பல நாட்டுக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘மணிக்கொடி’யின் நிறுவனர்களில் ஒருவரான டி.எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் மாபெரும் நாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் மொழிபெயர்த்தார். ஒரு நாளிதழ் ஆசிரியர், அன்றாடப் பரபரப்புக்கு நடுவே, நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் கொண்ட அந்த நாவலை முழுமூச்சாக எடுத்து முடித்தது பெருஞ்செயல். ஆனாலும் ஆங்கிலம் அறியாத வாசகருக்கு ரஷ்ய இலக்கியம் அங்குமிங்குமாகவே கிடைத்துவந்தது. தொடர்ந்து கிடைக்கும்படி ஆனது சோவியத் பதிப்பகங்கள் தமிழில் இறங்கிய பிறகுதான்.

மாஸ்கோவில் இயங்கிய அயல்மொழிப் பதிப்பகம் 1963இல் முன்னேற்றப் பதிப்பகம் என்று பெயர் மாறியது. 1982இல் அதிலிருந்து புனைவுக்கும் சிறுவர் நூல்களுக்கும் தனியாக ராதுகா பதிப்பகம் பிரிந்தது. அறிவியல் நூல்களை மீர் பதிப்பகம் கவனித்துக்கொண்டது. இங்கே விற்பனையை 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஏற்றது. கெட்டி அட்டை, நல்ல தாள், உறுதியான தையல், வண்ணப் படங்கள், இவ்வளவும் சேர்ந்த புத்தகம் உள்ளூர் வெளியீடுகளைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் சொந்தமாக ஒரு நாவல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. இரவல் வாங்கி அவசரமாகப் படித்துத் திருப்பித் தரும் வாசிப்பு வேறு. சொந்தப் புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு. இந்த நாவல்கள் ஆழமாகப் பதிந்ததற்கு அவற்றின் விலையும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அனுப்பிய அரசுக்கு நோக்கம் இருந்தது. சோவியத் வாழ்க்கையின் மேன்மையை உலகுக்குச் சொல்ல வேண்டும் என்பதே அது. பனிப்போரின் மறுபக்கத்திலும் இது நடந்தது. அமெரிக்க ஆதரவில் அமெரிக்கப் படைப்புகள் தமிழில் மலிவு விலைக்கு வந்தன. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழாக்கிய க.நா.சுப்ரமண்யம் மேலை இலக்கியம் பலவற்றைக் கொண்டுவந்தார். இரு வல்லரசுகளின் போட்டியால் தமிழ் வாசகருக்கு நல்ல இலக்கியம் கிடைத்தது என்பதே இதில் மிஞ்சும் செய்தி.

இந்தப் புத்தகங்களைத் தமிழாக்கியவர்களைப் பற்றி நின்று பேச வேண்டும். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. முகம்மது செரீபு, நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோவுக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கி இந்த வேலையைச் செய்தார்கள். லேர்மன்தவின் ‘நம் காலத்து நாயகன்’ நாவலைத் தந்த சோமசுந்தரம் ரஷ்ய மொழியிலிருந்தே நேராக மொழிபெயர்த்தவர். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’, செகாவின் கதைகள் ஆகியவை கிருஷ்ணையாவின் கைவண்ணம். ஒரே மனிதருக்கு மூன்று நான்கு அழைப்புப் பெயர்கள், மாதக்கணக்கில் உறையும் பனி, சமோவாரில் கொதிக்கும் தேநீர், பிர்ச் மரக் காடுகள் என்று தமிழ் வாழ்க்கைக்குத் தொடர்பே இல்லாத ஓர் உலகத்தை அவர்கள் பழக்கமான ஊர்போல ஆக்கிக் காட்டினார்கள். பனியையே பார்த்திராத வாசகர் பீட்டர்ஸ்பர்க் தெருக்களைத் தம் ஊர்த் தெருக்கள்போல நினைவில் வைத்திருந்தார். எழுத்தாளர்களைக் கொண்டாடும்போது இவர்களையும் அதே வரிசையில் வைத்துக் கொண்டாடுவதுதான் நியாயம். தமிழ் வாசகர் அறிந்த செகாவின் குரலில் பாதி கிருஷ்ணையாவின் குரல்.

அரசியல் நாவல்களில் முதலிடம் மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலுக்கு. 1902ஆம் ஆண்டு மே தினத்தன்று ரஷ்யாவின் சோர்மவோ ஆலைப் பகுதியில் நடந்த ஊர்வலமும், அதில் கைதான பியோத்தர் சாலமவ் என்ற தொழிலாளியும் அவருடைய தாயும் இந்நாவலுக்கு மூலம். 1906இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது கார்க்கி இதை எழுதினார். முதலில் வெளிவந்ததும் அங்குள்ள ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்தான். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, எழுத்தறியாமல், எதற்கும் அஞ்சி வாழ்ந்த பெலகேயா நீலவ்னா தன் மகனின் வழியாக உலகைப் புரிந்துகொண்டு, அவன் தொடங்கிய வேலையைத் தானே ஏற்கும் கதை இது. தமிழில் இதைத் தந்தவர் தொ.மு.சி. ரகுநாதன். கட்சி ஊழியர்களும் தொழிற்சங்கத்தினரும் ஒருவருக்கொருவர் கைமாற்றிப் படித்த நூல் இது. கொள்கையை விளக்கும் உரையாடல்கள் நாவலில் நிறைய உண்டு. ஆனால் நினைவில் நிற்பது அவையல்ல. அச்சத்திலேயே வாழ்ந்த ஒரு பெண் மெல்ல மெல்ல நிமிரும் விதம்தான் நிற்கிறது. மு. கருணாநிதி இதே கதையைத் ‘தாய் காவியம்’ என்று கவிதை வடிவில் எழுதினார். கட்சி எல்லைகளைத் தாண்டி அந்தத் தாய் தமிழில் இடம்பிடித்துவிட்டார் என்பதற்கு இது சான்று.

ரகுநாதன் மொழிபெயர்ப்பாளர் மட்டுமல்லர். 1953இல் வெளிவந்த அவருடைய ‘பஞ்சும் பசியும்’ நாவல், நூல் விலையேற்றத்தால் நொடித்துப்போன நெல்லை வட்டாரக் கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது. தமிழில் சோஷலிச எதார்த்தவாதத்தின் முதல் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். இது செக் மொழிக்கும் சென்றது. கார்க்கியிடமிருந்து ரகுநாதன் பெற்றது கதையை அல்ல, உழைப்பாளியின் வீட்டை நாவலின் நடுவில் வைக்கும் துணிவை. தறிக்குழியும் பாவும் ஊடும் தமிழ் நாவலின் மையத்துக்கு வந்தது அப்படித்தான். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அங்கேயே படிப்பையும் எழுத்தையும் கற்ற ஜெயகாந்தனின் தொடக்ககாலக் கதைகளில் குடிசைவாசிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் முழு மனிதர்களாக எழுந்து நிற்பதிலும் இந்த வாசிப்பின் பங்கு உண்டு.

போர்க்கால நூல்களுக்கும் பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. கண்பார்வை இழந்து படுக்கையில் கிடந்த நிக்கலாய் ஒஸ்திரோவ்ஸ்கியின் ‘வீரம் விளைந்தது’ ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வழிகாட்டி நூலாக இருந்தது. போரிஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ அலெக்சேய் மரேசியெவ் என்ற விமானியின் வாழ்க்கையை அடியொற்றியது. 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்டு, 18 நாட்கள் பனியில் தவழ்ந்து உயிர் பிழைத்து, இரு கால்களையும் இழந்தபின் செயற்கைக் கால்களோடு மீண்டும் போர் விமானம் ஓட்டியவர் அவர்.

ஆயினும் தமிழ் மனத்தில் மிக ஆழமாக இறங்கியவை வீரக் கதைகள் அல்ல. செகாவின் ‘ஆறாவது வார்டு’, ‘நாய்க்காரச் சீமாட்டி’, செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்டுக் கிராமத்துத் தாத்தாவுக்கு முகவரியில்லாத கடிதம் எழுதும் சிறுவன் வான்காவின் கதை ஆகியவற்றை ஒருமுறை படித்தவர் மறப்பதில்லை. இவற்றில் கொடியும் இல்லை, முழக்கமும் இல்லை. மனிதர் ஒருவருக்கொருவர் இழைக்கும் சின்னஞ்சிறு கொடுமைகளும் தாங்க முடியாத தனிமையுமே இருக்கின்றன. அனுப்பியவர்களின் எண்ணத்தைத் தாண்டி, வாசகர்கள் தங்களுக்குத் தேவையானதை இந்த நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ‘வெண்ணிற இரவுகள்’. 1848இல் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய இந்தக் குறுநாவல், பீட்டர்ஸ்பர்க்கின் இருள்கவியாத கோடை இரவுகளில் நடக்கிறது. நண்பர் எவரும் இல்லாத கனவுலகவாசி ஒருவன் நாஸ்தென்கா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவளோ ஓராண்டுக்கு முன் பிரிந்துபோன வேறொருவனுக்காகக் காத்திருக்கிறாள். நான்கு இரவுகள் பேசுகிறார்கள். அவள் மனம் இவன் பக்கம் திரும்பும் தறுவாயில் அவன் வந்துவிடுகிறான். இழந்தவன் அவளைச் சபிக்கவில்லை. கிடைத்த சில நிமிட மகிழ்ச்சிக்கு நன்றி சொல்கிறான். காதலில் தோற்றவன் தாடி வளர்ப்பதையும் உயிர் விடுவதையும் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த நன்றியுணர்வு முற்றிலும் புதியது. 2003இல் எஸ்.பி. ஜனநாதன் இதைத் தழுவி ‘இயற்கை’ படத்தை எடுத்தார். பீட்டர்ஸ்பர்க்கின் கால்வாய்க் கரை தமிழகத்தின் துறைமுக ஊராயிற்று, கனவுலகவாசி கப்பல் மாலுமி ஆனான், காத்திருக்கப்படுபவன் ஒரு கேப்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2009இல் வந்த அவருடைய ‘பேராண்மை’, போரிஸ் வசிலியெவின் ‘அதிகாலையின் அமைதியில்’ நாவலைத் தழுவியது. ஒரு தலைவனும் ஐந்து பெண்களும் ஆயுதமேந்திய எதிரிகளைக் காட்டுக்குள் எதிர்கொள்ளும் அமைப்பு அங்கிருந்து வந்தது. இரு படங்களுக்கும் மூலம், மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த நூல்கள்.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதை இன்னும் நெருக்கமானது. 1928இல் கிர்கிஸ் நாட்டில் பிறந்த அவர் எழுதியது குதிரைகளும் புல்வெளிகளும் கூட்டுக் குடும்பங்களும் நிறைந்த ஆசிய வாழ்க்கையை. 1958இல் வந்த ‘ஜமீலா’வில், கணவன் போர்முனையில் இருக்கையில் ஒரு மருமகள், ஊனமுற்றுத் திரும்பிய தானியார் என்ற அநாதையின் பாட்டில் மனம் பறிகொடுத்து அவனோடு ஊரைவிட்டுப் போகிறாள். அதைச் சொல்பவன் அவளுடைய கொழுந்தன், ஒரு சிறுவன். குடும்ப மானம் என்றால் என்னவென்று தெரிந்த தமிழ் வாசகருக்கு அவளுடைய முடிவின் விலையும் தெரிந்திருந்தது. ‘முதல் ஆசிரியர்’ குறுநாவலில் அரைகுறைப் படிப்புள்ள துய்ஷேன் என்ற இளைஞன் பழைய லாயம் ஒன்றைப் பள்ளிக்கூடமாக்கி, பெரியவர்கள் ஏளனம் செய்ய, குளிர்ந்த ஓடையைக் கடக்கக் குழந்தைகளைத் தோளில் சுமந்துபோகிறான். தமிழ்நாட்டில் கல்வி பற்றிக் கவலைப்படும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் நூல்களில் இது இன்றும் இருக்கிறது.

மாஸ்கோவின் பட்டியலில் இல்லாதவையும் உண்டு. பாஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’, சோல்ஷெனித்சினின் முகாம் நூல்கள், புல்ககாவின் பெரிய நாவல் ஆகியவை அந்த வழியில் வரவில்லை. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைத் தமிழ் வாசகர் வேறு வழிகளில்தான் அறிய நேர்ந்தது. அந்த அறிதல் தந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தது 1999இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’. ஸ்டாலினால் கொல்லப்பட்ட சோவியத் தலைவர் புகாரினின் கதையையும் தமிழகத் தொழிற்சங்கவாதி ஒருவரின் மனச்சான்றுப் போராட்டத்தையும் பின்னிய அந்த நாவல், சித்தாந்தத்தின் பெயரால் செய்யப்படும் குற்றத்தை விசாரிக்கிறது. அந்த விசாரணை முறையிலேயே தஸ்தயேவ்ஸ்கியின் சாயல் இருக்கிறது. சோவியத் அரசின் மீதான மிகக் கடுமையான தமிழ் விமர்சனம் ரஷ்ய நாவலிடமே தன் வடிவத்தைக் கற்றுக்கொண்டது.

1991க்குப் பிறகு மாஸ்கோவிலிருந்து புத்தகங்கள் வருவது நின்றது. பழைய பிரதிகள் நடைபாதைக் கடைகளுக்குப் போயின. தேடி அலைந்து சேர்ப்பவர்கள் உருவானார்கள். நியூ செஞ்சுரியும் பாரதி புத்தகாலயமும் வேறு பதிப்பகங்களும் முக்கியமானவற்றை மறுபதிப்புச் செய்தன. நா. தர்மராஜனின் மொழிபெயர்ப்பில் ‘அன்னா கரீனினா’ வந்தது. சோவியத் காலத்தில் தமிழுக்கு வராமலிருந்த தஸ்தயேவ்ஸ்கியின் பெருநாவல்களை மதுரையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எம்.ஏ. சுசீலா எடுத்துக்கொண்டார். ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டும் அவர் தமிழாக்கியவை. இவற்றுக்கு மூலமாக அமைந்தது ஆங்கிலம். ரஷ்ய மொழியை அந்த மண்ணிலேயே வாழ்ந்து கற்று நேராகத் தமிழாக்கும் ஏற்பாடு சோவியத் பதிப்பகங்களோடு போய்விட்டது. அது பெரிய இழப்பு. ஆனாலும் ரஷ்ய நாவல்களின் தடம் தமிழ் எழுத்தில் தொடர்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் ‘மண்டியிடுங்கள் தந்தையே’ நாவலில் டால்ஸ்டாயையே பாத்திரமாக்கியிருக்கிறார். டால்ஸ்டாய்க்கும் அவருடைய பண்ணையில் உழைத்த அக்ஸின்யா என்ற பெண்ணுக்கும் பிறந்த, தந்தையின் பெயர் கிடைக்காத மகனை அந்த நாவல் பின்தொடர்கிறது. டால்ஸ்டாயின் யாஸ்னயா போல்யானா பண்ணை வீட்டின் மறைவான பக்கம் ஒன்றை, ரஷ்ய நாவல்களைப் படித்து வளர்ந்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் உரிமையோடு எழுதியிருக்கிறார்.

(தொடரும்)