ஓரத்தில் எழும்பும் ஒட்டுவில்லை

தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு வினைல் உறையை நீங்களே வடிவமைத்து, அச்சிட்டு, ஒட்டுகிறீர்கள். நடுப்பகுதி கச்சிதமாகப் படிகிறது. மறுநாள் காலையில் பார்த்தால், போத்தலின் கழுத்தருகே சுருக்கம் விழுந்து, ஓரம் எழும்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் படிகிறது. விரலை எடுத்தால் மீண்டும் எழும்புகிறது. பசை சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல நேரங்களில் காரணம் பசை அன்று, போத்தலின் வடிவம்.

குழாயும் உறையும்

வினைல் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது பாலிவினைல் குளோரைடு, அதாவது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் இதே பொருள்தான். குழாய் விறைப்பாக இருக்கிறது, ஒட்டுவில்லை மட்டும் எப்படி வளைகிறது?

1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பிவிசியை ஒரு திரவத்தில் சூடாக்கிப் பார்த்தபோது அவர் தேடிய பசை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, ரப்பரைப் போல் வளையும் ஒரு பொருள் கிடைத்தது. அதன் இரகசியம் பிளாஸ்டிசைசர். பிவிசியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிசைசரின் சிறிய மூலக்கூறுகள் புகுந்துகொண்டால், சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். அதனால்தான் படலம் வளைகிறது. சூடாக்கினால் இன்னும் இளகுகிறது.

காயாத பசை

வெள்ளைப் பசை காய்ந்தால்தான் ஒட்டும். ஒட்டுவில்லையின் பசையோ காய்வதே இல்லை. அழுத்தும்போது அது திரவத்தைப் போல் மெல்லப் பரவி, மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புகிறது. இழுக்கும்போது திடப்பொருளைப் போல் எதிர்த்து நிற்கிறது. மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசை மிகச் சிறியது. ஆனால் பசை தொடும் பரப்பு கூடக் கூட, மொத்தப் பிடிப்பும் கூடும். எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ நடுவில் இருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. பரவ நேரம் தேவைப்படுவதால், ஒட்டியவுடன் இருக்கும் பிடிப்பைவிட மறுநாள் இருக்கும் பிடிப்பு வலுவாக இருக்கும்.

ஆரஞ்சுப் பழம் சொல்லும் கணக்கு

ஒரு தாளைக் குழாய்மேல் சுற்றுங்கள், சுருக்கமே வராது. அதே தாளை ஆரஞ்சுப் பழத்தின்மேல் சுற்றுங்கள்; எப்படி முயன்றாலும் மடிப்பு விழும். உருளை ஒரு திசையில் மட்டுமே வளைகிறது. கோளம் இரு திசைகளில் வளைகிறது. இழுக்காமல், கிழிக்காமல் ஒரு தட்டையான தாளைக் கோளத்தின்மேல் படியவைக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. உலக வரைபடங்கள் எல்லாமே ஏதாவது ஒரு வகையில் பிசகுவதற்கும் இதுதான் காரணம்.

போத்தலின் நடுப்பகுதி உருளை. கழுத்தை நோக்கிக் குவியும் இடமோ இரு திசைகளிலும் வளைகிறது. அங்கே வினைலை இழுத்துத்தான் ஒட்டியிருப்பீர்கள். இழுக்கப்பட்ட படலம் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவிசை பசையின் பிடியைவிட வலுவாகும் இடத்தில் ஓரம் எழும்புகிறது.

செய்து பாருங்கள்

நேரான பக்கங்கள் கொண்ட எஃகுப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 7 செ.மீ. என்றால், சுற்றளவு 22/7 × 7 = 22 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய அரை செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். போத்தலைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி, பழைய அட்டை ஒன்றால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்துக்கொண்டே போனால் காற்றுக் குமிழ்கள் வெளியேறிவிடும். மிஞ்சும் குமிழை ஊசி முனையால் குத்தி அழுத்துங்கள். வளைவான இடத்தில் இழுத்து ஒட்டாமல், சிறு சிறு வெட்டுகள் போட்டுப் படியவையுங்கள். தேவைப்பட்டால் முடி உலர்த்தியால் இலேசாகச் சூடாக்கலாம். போத்தல் காலியாகவும் மூடி திறந்தும் இருக்கட்டும்.

உள்ளே மின்கலன் இருந்தால்

போத்தலுக்குச் செய்ததை பவர் பேங்க்குக்கோ கைப்பேசிக்கோ அப்படியே செய்யக்கூடாது. அவற்றுள் இருப்பது லித்தியம் அயான் மின்கலன். அளவுக்கு மீறிச் சூடேறினால் அதனுள் நடக்கும் வேதிவினைகள் தாமே வெப்பத்தை உண்டாக்கி, அந்த வெப்பம் வினைகளை இன்னும் வேகப்படுத்தும். முடிவில் தீப்பிடிக்கலாம். ஆகவே, மின்கலன் உள்ள பொருளில் முடி உலர்த்தி வேண்டாம். காற்றுத் துளைகளை மூடவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டையாக ஒட்டியிருந்த உறை பல மாதங்கள் கழித்துப் புடைத்து வந்தால், அது காற்றுக் குமிழாக இல்லாமலும் இருக்கலாம். பழுதான மின்கலனுக்குள் வாயு உருவாகி அது வீங்கியிருக்கக்கூடும். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். மின்னூட்டத்தை நிறுத்திவிட்டு உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

அழகுக்கல்லாத ஓர் உறை

சில கைவிளக்குகளில் 18650 என்ற மின்கலன் இருக்கும், 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதன்மேல் இருக்கும் வண்ண உறையும் பெரும்பாலும் பிவிசிதான். ஆனால் அது அலங்காரம் அன்று. அந்த மின்கலனின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை உச்சியில் மட்டும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. உச்சி ஓரத்தில் உறை கிழிந்து, அங்கே ஓர் உலோகத் துண்டு பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். உறை கிழிந்த மின்கலனைப் பயன்படுத்தவே கூடாது.

மின்சிகரெட்டுகள் பலவற்றிலும் லித்தியம் மின்கலன்தான் கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. அவற்றுக்கும் பளபளப்பான வினைல் உறை ஒட்டுபவர்கள் உண்டு. விளையாட்டுப் பொருளைப் போல் தோன்றவைப்பதைத் தவிர அந்த உறை வேறெதையும் மாற்றுவதில்லை. உள்ளே ஆவியாகும் திரவமும் அதிலுள்ள நிக்கோட்டினும் அப்படியேதான் இருக்கின்றன. சிலவற்றில் மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் எட்டோமிடேட் கலந்திருந்ததால்தான், சிங்கப்பூர் அதை 2025 செப்டம்பர் 1 முதல் ‘சி’ பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிட்டது. மின்சிகரெட் வைத்திருப்பதே அங்கு 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். மலேசியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை விற்பது 2024 அக்டோபர் முதல் சட்டப்படி தடை.

அடுத்த முறை நண்பர் ஒருவர் புது உறை போட்ட பொருள் எதையாவது நீட்டினால், ‘படம் அழகாக இருக்கிறது’ என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்றும் கேளுங்கள்.