பழைய எஞ்சினும் புதிய உறுப்பும்

'ஆஸ்டின் செவன்' என்பது 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் வெளிவந்த சிறு மோட்டார் வண்டியாகும். அதன் எஞ்சினுக்குப் புதிய உறுப்புகளைச் செய்து விசையேற்றும் ஆர்வலர் இன்றும் உளர். உயர்ந்த அமுக்கந் தரும் சிலிண்டர் மூடியைப் பொருத்தின் விசை பெருகும்; இடரும் உடன் பெருகும். என்னை? பிஸ்டன்களின் உந்துதலைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. 1936-க்கு முற்பட்ட எஞ்சின்களில் இத்தண்டு இரு முனைகளிலுமுள்ள இரண்டே பேரிங்குகளில் சுழல்வது. நடுவே தாங்குவது யாதுமில்லை. வேகம் மிகுந்துழித் தண்டு நடுவில் வளையும். பன்முறை வளைந்தது ஒருநாள் முறியும். முறிந்தது எஞ்சினையே சிதைத்தலுங் கூடும். ஆதலின், தேர்ந்தோர் வலிய எஃகினாற் புதுத்தண்டு கடைந்து பொருத்திய பின்னரே விசையைக் கூட்டுவர். விசையைப் பெருக்குதல் எளிது; அதனைத் தாங்குமாறு செய்தலே அரிது. அவ்வரிய பணியே இவ்வார்வலர்தம் உண்மைத் திறமென யாம் கருதுகின்றோம்.