விற்காமல் போன ஒரு நல்ல ஆல்பம்

ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற பெரியவர்கள் நம்மில் பலர் உண்டு. பிள்ளைகள் கேட்பதை "வெறும் இரைச்சல்" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்த இரைச்சலுக்கும் ஒரு வேர் உண்டு, இலக்கணமும் உண்டு. இதை எளிதில் புரியவைக்கும் ஆல்பம் ஒன்று இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த 'ஃப்ரீ' என்ற குழு 1969-ஆம் ஆண்டு வெளியிட்ட 'டன்ஸ் ஆஃப் ஸாப்ஸ்' தான் அது. டன் கணக்கில் விம்மல்கள் என்று பொருள்.

முதலில் வேரைப் பார்ப்போம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பின்னும் பருத்தி வயல்களில் பாடுபட்ட கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு, புளூஸ். அதன் அமைப்பு மிக எளியது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ஒரு தாளச் சுற்று, பெரும்பாலும் மூன்றே கார்டுகள். பாடகர் ஒரு வரியைப் பாடுவார். அதையே மீண்டும் பாடுவார். மூன்றாவது வரியில் அதற்கு விடை சொல்வார். இடைவெளிகளில் கிதார் அவருக்குப் பதில் பேசும்.

பிழைப்புத் தேடி சிகாகோ போன்ற வட நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களோடு இந்தப் பாட்டும் ஊர் மாறியது. நகரத்துச் சந்தடியை மீறிக் காதில் விழவேண்டுமே! மின்சார கிதார் கைகொடுத்தது. அந்த இசைத்தட்டுகள் கடல் கடந்து இங்கிலாந்து இளைஞர்களிடம் சேர்ந்தன. அவர்கள் அதை இன்னும் உரக்கவும் கனமாகவும் வாசித்ததிலிருந்து கிளைத்ததே ஹார்டு ராக்.

'ஃப்ரீ' குழு 1968 ஏப்ரலில் தொடங்கியது. பெயர் சூட்டியவர், இங்கிலாந்தில் புளூஸ் வளர்த்த மூத்த கலைஞர் அலெக்ஸிஸ் கார்னர். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஒலிப்பதிவு நடந்தபோது பேஸ் கிதார் வாசித்த ஆண்டி ஃப்ரேஸருக்கு வயது 16. கிதார் கலைஞர் பால் காஸஃபுக்கு 18. பாடகர் பால் ராஜர்ஸும் டிரம்ஸ் வாசித்த சைமன் கிர்க்கும் கூட இருபதைத் தொடவில்லை. செலவழிக்கப் பெரிய தொகை இல்லாததால், மேடையில் வாசித்து வந்ததையே ஏறக்குறைய அப்படியே பதிவு செய்தார்கள். அதுவே நன்மையாயிற்று. அந்நாளில் மோஸ்தராக இருந்த ஒலி வித்தைகள் இதில் மிகக் குறைவு. மோஸ்தர் பழசாகிவிடும், நாலு பேர் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டு வாசிப்பது பழசாவதில்லை.

மொத்தம் பத்துத் தடங்கள். இரண்டு மட்டுமே பிறர் பாடல்கள். அவற்றுள் 'கோயிங் டவுன் ஸ்லோ', செயின்ட் லூயிஸ் ஜிம்மி 1941-இல் பதிவு செய்தது. வாழ்க்கையை ஆடித் தீர்த்து, உடல் தளர்ந்து, தாய்க்குச் செய்தி அனுப்பச் சொல்லும் ஒருவனின் புலம்பல். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் இதில் காஸஃபின் கிதாரைக் கவனியுங்கள். வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பார்களே, அதுபோல ஒரே சுரத்தை வளைத்து நடுங்கவைக்கிறார். வேகம் காட்டுவதில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் மௌனமும் இசையாகவே ஒலிக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஆல்பம் விற்கவில்லை. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கிடைத்தது 197-ஆம் இடம். 1970-இல் 'ஆல் ரைட் நவ்' என்ற பாடல் குழுவை உலகறியச் செய்தது. அந்த ஒரு பாட்டின் வெளிச்சத்தில் முதல் ஆல்பம் மறைந்துபோயிற்று. போதைப் பழக்கத்தால் உடல் சீர்கெட்ட காஸஃப், 1976 மார்ச்சில் விமானப் பயணத்தின்போதே இறந்தார். வயது 25. பதினெட்டு வயதில் அவர் வாசித்த அந்தப் புலம்பலை இதை அறிந்தபின் கேட்பது எளிதல்ல.

வீட்டில் கிதார் பழகும் பிள்ளை இருந்தால் இந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். 'தி ஹன்ட்டர்' பாடலில் தொடங்கலாம். எத்தனை சுரம் வாசித்தார்கள் என்று எண்ணவேண்டாம். எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். இரைச்சலுக்கும் இசைக்கும் உள்ள வேறுபாடு அங்கே புலப்படும்.