உஷார்! இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது

வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இந்தக் கேள்விக்கு இன்றைக்கே பதில் தேடி வையுங்கள். நடுராத்திரியில் குழந்தை பிறந்து, அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை என்றால், வயிற்றைத் திறக்க ஒரு டாக்டர், மயக்க மருந்து கொடுக்க இன்னொரு டாக்டர், ஏற்றுவதற்கு ரத்தம், இந்த மூன்றும் ஒரே கூரைக்கு அடியில் அந்த நேரத்திலும் இருக்கும் ஆஸ்பத்திரி எது? அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம்? ‘பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கு’ என்ற பதில் செல்லாது. பக்கத்தில் இருப்பது கட்டடமாகவும் இருக்கலாம்.

பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் பயம் நல்லது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகி, திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு அது தானாக நடந்துவிடுகிறது. நடக்காவிட்டால், சிகிச்சை கிடைக்காத நிலையில் ரத்தப்போக்கு தொடங்கியதிலிருந்து மரணம் வரைக்கும் சராசரியாக 2 மணி நேரம் என்பது மகப்பேறு மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பிரசவத்துக்கு முன்பே வரும் ரத்தப்போக்கில் 12 மணி நேரம். பி.பி. ஏறி ஜன்னி (வலிப்பு) கண்டால் 2 நாள். கிருமித்தொற்றில் 6 நாள். அந்த 2 மணி நேரமும் ஓரளவு ரத்தம் உள்ள உடம்புக்குத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரமும் முழுதாகக் கிடைப்பது சந்தேகம்தான்.

‘இதெல்லாம் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிற ஊர்க்கதை, நம்ம பக்கம் எல்லாரும் ஆஸ்பத்திரிதானே’ என்று தோன்றலாம். உண்மைதான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடந்திருக்கிறது. நாகாலாந்தில் அது 45.7. ஆனால் 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள குழந்தைகள் பிறக்கும்போது கேரளாவில் 19 தாய்மார்கள் இறந்தார்கள்; நம்மிடம் 54 பேர்; அசாமில் 195. அசாமோடு ஒப்பிட்டு மார்தட்டலாம், கேரளாவோடு ஒப்பிட்டால் தலைகுனிய வேண்டும். கிட்டத்தட்ட எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் ஒரு மாநிலத்தில் தாய் இறக்கிறாள் என்றால், தாமதம் ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலும் ஆஸ்பத்திரிக்குள்ளும் நடக்கிறது என்று அர்த்தம். அந்த 54ம் ஒரு சராசரிதான். சென்னை எழும்பூருக்கும் கல்வராயன் மலைக்கும் சேர்த்துப் போட்ட சராசரி.

ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சமாளிக்க முடியாத பிரசவம் என்றால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி சத்தியமங்கலம் வர வேண்டும். அங்கேயும் கை விரித்தால் ஈரோடு, இல்லை பெருந்துறை. கரும்பு லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றால் மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசை கட்டும். ராத்திரியில் ஆம்புலன்சுக்குத் தடையில்லை. 2022 முதல் உள்ள இரவுப் போக்குவரத்துத் தடையிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. ஆனால் சாலையில் நிற்கும் யானைக்கு அந்த விலக்கு தெரியாது. தொங்கும் டிரிப்ஸ் பாட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய, உள்ளே இருக்கும் ஊழியர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு வருவார். இந்த அவஸ்தையே வேண்டாம் என்று எதிர்த்திசையில் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகருக்கு வண்டியைத் திருப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜவ்வாது மலை, சித்தேரி, பர்கூர் மலை, கொல்லிமலை என்று பெயர் மாறும், கதை மாறாது. இதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. 5 லட்சம் மக்களுக்கு ஐந்து அவசர மகப்பேறு மையங்கள், அதில் ஒன்றிலாவது சிசேரியனும் ரத்தமும் இருக்க வேண்டும் என்பது ஐ.நா. அமைப்புகள் வைத்திருக்கும் அளவுகோல். தலையை எண்ணும் அளவுகோல் அது. மலையில் தலைகள் குறைவு, தூரம் அதிகம். அந்தக் கணக்கில் மலைக்கு முழு மையம் என்றைக்குமே கிடைக்காது. 2 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2015இல் லான்செட் ஆணையம் நேரத்தை வைத்து ஓர் அளவு சொன்னது. மலைக்குப் பொருந்துவது அதுதான். சில மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை வைத்து, தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே தங்க வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் இல்லாத இடத்தில் காத்திருப்பது பாதித் தூரத்தைத்தான் குறைக்கும். சிக்கல் உள்ள கர்ப்பம் என்று முன்பே தெரிந்தவர்கள் தேதிக்கு முன்னாலேயே மலையிறங்கி, முழு வசதி உள்ள இடத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடுவதே மேல்.

சமவெளிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 1994இல் ததேயஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய் சாவதற்கு மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. நம் ஊரில் இப்போது பெரிய வில்லன் மூன்றாவதுதான். அதன் செல்லப்பெயர் ‘ரெஃபர்’. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஜி.ஹெச்., அங்கே அன்றைக்கு மயக்க டாக்டர் லீவு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கே அந்த குரூப் ரத்தம் இல்லை, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ். ஒவ்வொரு வாசலிலும் ஸ்ட்ரெச்சர், ஓ.பி. சீட்டு, மறுபடி முதலிலிருந்து கேள்விகள். எந்த இடத்திலும் யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை. ‘பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றோம், சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க’ என்றுதான் சொன்னார்கள். நாட்டின் நிலையும் இதற்குக் குறைந்ததில்லை. கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டிய மகப்பேறு நிபுணர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இல்லை என்று 2021-22 ஆண்டுக்கான மத்திய அரசு அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நேரம் போகும் இன்னொரு இடம் கண்ணுக்கே தெரியாது. ரத்தம் எவ்வளவு போனது என்பதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, வாளியில் விழுந்தது எல்லாம் சேர்ந்து குறைவாகவே தெரியும். கர்நாடகத்தின் பெலகாவியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்திய எளிய சாதனம் ஒன்று உண்டு. பெண்ணின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கீழே கூம்பு போன்ற பை. அதில் மில்லி லிட்டர் கோடுகள். கோட்டைப் பார்த்தால் போதும், வாதமே இல்லை. இதே வகை விரிப்பையும், ரத்தம் போவது தெரிந்ததும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் கொடுக்கும் முறையையும் சேர்த்துக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. கடும் ரத்தப்போக்கு, வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை, மரணம் ஆகியவை சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை. நேரத்தை மட்டும்தான் மிச்சப்படுத்தினார்கள். டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசியும் அப்படித்தான். குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் போட்டால் உயிரைக் காக்கும், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் கழன்றுகொள்ளும்.

வழியிலேயே உயிரைப் பிடித்துவைக்க ஓர் உடுப்பும் இருக்கிறது. முக்குளிப்பவர்கள் போடும் உடை மாதிரி தடித்த துணி, கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாக இழுத்து ஒட்டுவது. காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் தள்ளிவிடும். தமிழகத்தில் இது பயன்பாட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அதைப் போட்டு அனுப்பினால், போய்ச் சேர்ந்த இடத்தில் யாரையும் அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள், நீங்களும் தொடாதீர்கள். டாக்டர் முன்னிலையில், கீழிருந்து ஒவ்வொரு பட்டையாகத்தான் எடுக்க வேண்டும்.

இனி, பிரசவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் ஒன்று. நாள் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்துகிறது, தோள்பட்டை வலிக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ‘வாயுப் பிடிப்பு, பெருங்காயம் கரைச்சுக் குடி’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு அப்படி ஆகிறது. குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். கிட்டில் இரண்டு கோடு வந்தால் கரு இருக்கிறது என்றுதான் அர்த்தம், எங்கே இருக்கிறது என்று கிட் சொல்லாது. இதற்கு நடுவே மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக வாங்கிய கருக்கலைப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை குழாயில் இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் ரத்தம் படும். ‘கலைஞ்சிடுச்சு’ என்று நினைத்து நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் வீட்டில் வாயே திறக்க மாட்டாள். ஆகவே அம்மாக்களே, அக்காக்களே, வயிற்று வலி என்று ஒரு பெண் சுருண்டு படுத்தால் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாள் என்று முதலில் கேளுங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னி கதையும் சுருக்கம்தான். கர்ப்பத்தின் பிற்பாதியில் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பி.பி. பாருங்கள். 140/90 என்றாலே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ரத்தப்போக்கும் அப்படித்தான், ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துபோனால் ‘பிள்ளை பெத்த உடம்பு, அழுக்கு போகட்டும்’ என்று விடக்கூடாது.

தாய்வீட்டுக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழெட்டு மாதம் கோவையில் பார்த்த டாக்டர், ஸ்கேன், பி.பி. கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பேருந்து நாளுக்கு நான்கு முறை வரும் கிராமத்துக்குக் கடைசி மாதத்தில் போகிறாள். அங்கே உள்ள கிராம சுகாதார செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. போகிற நாளிலேயே இரண்டு ஊர் நர்சம்மாவிடமும் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண், ரத்த குரூப், ஹீமோகுளோபின் அளவு, கடைசி ஸ்கேன், முந்தைய சிசேரியன் இருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் ஒரே பையில். நெகட்டிவ் குரூப் என்றால் கொடுக்கக்கூடிய இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். அந்த ஊரிலிருந்து சீமாங் சென்டர், அதாவது ராத்திரியும் சிசேரியன் செய்து ரத்தமும் ஏற்றும் அரசு மையம், எங்கே என்று நர்சம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். 104க்கு அடித்தும் விசாரிக்கலாம். அம்மா வீட்டிலிருந்து அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால், இந்த ஒரு தடவை அம்மா பெண் வீட்டுக்கு வரட்டும்.

ரெஃபர் என்று சொன்னால் சண்டை போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள், மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கே அனுப்புகிறீர்கள், அங்கே போனில் சொல்லியாயிற்றா, இதுவரை என்ன ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள். பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சொந்தக் காரை எடுக்காதீர்கள். 108 வண்டியில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு. தனியார் மருத்துவமனை வழியில் இருந்தால் தயங்காமல் நிறுத்தலாம். அவசரச் சிகிச்சையை அரசு, தனியார் எந்த டாக்டரும் தட்டிக்கழிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க’ என்று கவுண்டரில் கேட்டால் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. ‘வீட்டுக்காரர் துபாயில இருக்கார், மாமனார் வந்துட்டிருக்கார், அவர் வந்து போடுவார்’ என்று தியேட்டர் வாசலில் காத்திருப்பார்கள். 18 வயது முடிந்த பெண்ணுக்கு நினைவிருந்தால் அவள் கையெழுத்தே போதும், புருஷன் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. நினைவில்லை என்றால், உயிரைக் காக்க டாக்டர் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை அவள் கணவரிடமும் மாமனாரிடமும் வலி எடுப்பதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.